அகூலினா போடாத கையெழுத்து

அகூலினா நெயுஸ்த்ரொயெவாவை அவளுடைய சொந்த ஊருக்கு மாற்றியதே ஒரு தண்டனையாகத்தான்.

அதற்கு முன் ஐந்து வருஷம் அவள் யாகுத்ஸ்க் நகரத்து ஆராய்ச்சி நிலையத்தில் பனியை உருக்கிக்கொண்டிருந்தாள். குளிர்காலம் முழுக்க நகரத்தின் தெருமுனைகளில் பனியை வெட்டி வாளியில் அள்ளி வருவாள். அடுப்பருகே வைத்து உருக்கி, வெள்ளை வடிதாளில் ஊற்றுவாள். தாளில் தங்கும் கரியை எடை போட்டு, எந்தத் தெரு, எந்தத் தேதி என்று எழுதி வைப்பாள். மைனஸ் நாற்பத்தைந்தில் மூச்சே பொடியாகி உதிரும் ஊரில், வீடுகளுக்குச் சூடு அனுப்பும் கொதிகலன் கூடங்கள் எட்டு மாதம் ஓயாமல் புகை கக்கும். அதில் ஒரு கூடம் மட்டமான நிலக்கரியை எரித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே பாலர் பள்ளி. அந்தப் பள்ளி முற்றத்துப் பனியை வடிகட்டிய தாள் செருப்புத்தோல் மாதிரி கறுத்துப் போனது.

அறிக்கை எழுதிக் கொடுத்தாள். மேலிடத்தில் அலமாரிக்குள் போனது. இரண்டாவது தடவையும் எழுதினாள். அதுவும் அதே அலமாரிக்குப் போனது. மூன்றாவது தடவை அவள் எழுதவில்லை. நாற்பத்து மூன்று வடிதாள்களை வரிசையாக ஒரு சுவர்க்காகிதச் சுருளில் ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் தெருப்பெயரை எழுதி, நிலையத்தின் நடைவழியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தொங்கவிட்டாள். மறுநாள் நகர நிர்வாகத்து ஆட்கள் வேறு எதற்கோ அங்கே வரவேண்டியிருந்தது. நிலையத்தின் தலைவர் மூச்சு வாங்க ஓடிவந்து, இதை உடனே கழற்று என்றார்.

"முதல்ல அந்தப் புகைபோக்கியக் கழட்டச் சொல்லுங்க, ஐயா. தாளு தன்னால வெளுத்துடும்" என்றாள் அகூலினா.

ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. நகரத்திலிருந்து ஆற்றைப் படகில் கடந்து, முந்நூறு கிலோமீட்டர் சேற்றுப்பாதையில் போனால் ஆரிக்யோல். அங்கே ஆளில்லாமல் கிடந்த இரண்டு அறை அளவை நிலையத்தை அவள் பார்த்துக்கொள்ள வேண்டும். அழுவாள் என்று எதிர்பார்த்திருந்தார்கள் போலிருக்கிறது. அவள் உத்தரவை இரண்டு தடவை படித்துவிட்டு, அங்கே இருக்கிற துளைக்கருவி வேலை செய்கிறதா என்று மட்டும் கேட்டாள்.

அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது.

ஆரிக்யோலில் அவளைப் பார்த்து யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. குதிரைக்கார இவானின் மகள் படித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள், என்னவோ தப்பு செய்திருப்பாள் என்று பேசிக்கொண்டார்கள். அவள் நிலையத்து அடுப்பைச் சரிசெய்தாள், கூரையிடுக்கில் பாசி அடைத்தாள், முதல் கோடையிலேயே ஏரிக்கரையைச் சுற்றி ஆழ்துளைகள் போட ஆரம்பித்தாள். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு குழாய்; அதற்குள் வெப்பமானிக் கயிறு. வாரத்துக்கு ஒருமுறை அதை வெளியே இழுத்து மண்ணின் வெப்பம் என்னவென்று குறிப்பாள். துளையிலிருந்து வந்த உறைமண்ணை விரல் நீளத் துண்டுகளாக அறுத்து, காயவைத்து எடை போட்டு, சிறிய உலையில் சுட்டு மறுபடி எடை போடுவாள். குறைந்து போன எடையை வைத்து மண்ணுக்குள் எவ்வளவு கரிமப்பொருள் இருந்தது என்று கணக்கிடுவாள். ஏரிமேல் ஒரு பெட்டியைக் கவிழ்த்து மிதக்கவிட்டு, அதற்குள் சேரும் வாயுவை ஊசிக்குழலில் உறிஞ்சிப் புட்டிகளில் அடைத்து நகரத்துக்கு அனுப்புவாள்.

இதெல்லாம் எதற்கு என்று ஊர்ப் பெண்கள் கேட்டார்கள். அவள் அவர்களுக்குப் படம் வரைந்து காட்டவில்லை. வீட்டுக்கு வீடு மண்ணுக்கடியில் இறைச்சியும் மீனும் வைக்கும் நிலவறை இருக்கிறதே, அதைப் பற்றித்தான் பேசினாள். கதவைத் திறந்து போட்டுவிட்டு ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தால் உள்ளே என்ன வாடை அடிக்கும் என்று கேட்டாள். இந்த நிலம் முழுக்க அப்படி ஒரு நிலவறை. இருபதாயிரம் வருஷத்துப் புல்லும் வேரும் மிருகங்களும் அழுகாமல் உள்ளே கிடக்கின்றன. கதவு லேசாகத் திறந்துவிட்டது. அழுக ஆரம்பித்தால் அதிலிருந்து எழும் வாயு இந்த ஊரோடு நிற்காது, உலகத்தையே இன்னும் சூடாக்கும், சூடானால் கதவு இன்னும் திறக்கும் என்றாள். பெண்கள் தலையாட்டினார்கள். அந்தக் கோடையில் மூன்று வீட்டு நிலவறையில் ஏற்கெனவே தண்ணீர் நின்றதால் அவர்களுக்கு அது விளங்காமல் இல்லை.

ஆனால் அவளுக்குப் பட்டப்பெயர் வைக்காமலும் விடவில்லை. வைத்தவன் கவ்ரீல் ஒகொனெஷ்னிகொவ். பள்ளிக்கூடத்தில் எட்டு வருஷம் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இப்போது ஏரிக்கரை டீசல் கிடங்குக்கு மேலாளர். கடையில் எல்லோரும் நிற்கும்போது, "வழி விடுங்கப்பா, ஏரியோட ஏப்பத்த எண்ணுற அம்மா வர்றாங்க" என்றான். அன்றிலிருந்து ஊரில் அவள் 'ஏப்பக் கணக்கு' ஆனாள். அகூலினா அதற்குக் கோபப்படவில்லை. அடுத்த வாரம் கவ்ரீலைப் பார்த்து, நேற்றைய ஏப்பம் போன வருஷத்தைவிட ஒன்றரை மடங்கு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தக் கிடங்கில் பம்ப் ஓட்டும் செம்யோனைத்தான் அவள் கல்யாணம் செய்துகொண்டாள். அதிகம் பேசாத மனிதன். அவனாவது பேசாமல் இருந்தால் வீடு அமைதியாக இருக்கும் என்று அவளுடைய தோழிகள் சிரித்தார்கள். ஒரே மகள், பல் மருத்துவம் படிக்க நகரத்துக்குப் போய்விட்டாள். வருஷங்கள் ஓடின. அகூலினாவின் ஆழ்துளைகள் பதினொன்று ஆயின. நோட்டுகள் அலமாரியின் ஒரு தட்டை நிறைத்தன. ஏரி ஒவ்வொரு கோடையிலும் கரையை இரண்டு அடி, மூன்று அடி என்று கடித்தது. வேலி சாய்ந்தது, தபால் நிலையத்தின் வாசற்படி ஒரு பக்கம் இறங்கியது, கோமாளித் தொப்பி மாதிரி மரங்கள் கோணலாக நின்றன.

நான்காம் எண் ஆழ்துளை கிடங்கு வேலிக்கு முப்பது மீட்டர் தள்ளி இருந்தது. அவள் அதைப் போட்ட வருஷம் பத்து மீட்டர் ஆழத்தில் மைனஸ் இரண்டு புள்ளி மூன்று டிகிரி. பத்தொன்பது வருஷம் கழித்து மைனஸ் பூஜ்யம் புள்ளி ஏழு.

கிடங்கில் நான்கு பெரிய டேங்குகள். நான்கு ஊர்களின் கொதிகலன்களுக்கும் மின்நிலையத்துக்கும் குளிர்கால டீசல் அவற்றில்தான் நிற்கும். அவள் பிறந்த காலத்தில், தரைக்குள் உறைந்து நின்ற தூண்களின் மேல் கட்டியவை. தூணை மண் பிடித்திருப்பது உறைந்திருக்கும் வரைதான். பிடி விட்டால் தூண் தூணல்ல, சேற்றில் நட்ட குச்சி. டேங்குகளிலிருந்து சரிவில் ஐம்பது அடி இறங்கினால் ஏரி. கோடையில் அதில் சோபோ மீன் பிடித்துப் பொரிப்பார்கள். குளிர்காலத்தில் அந்த ஏரியின் பனிக்கட்டியை அறுத்துவந்து வாசலில் அடுக்கி, ஆறு மாதம் உருக்கிக் குடிப்பார்கள். வேறு தண்ணீர் கிடையாது.

அகூலினா கிடங்குக்கு ஏழு கடிதங்கள் எழுதினாள். கவ்ரீல் ஏழையும் மேலே அனுப்பினான். மேலே இருந்து ஒரு பதிலும் வரவில்லை. ஏழாவது கடிதத்தின்போது அவன் அவளை உட்காரவைத்து, பால் ஊற்றிய தேநீர் கொடுத்து, கொஞ்சம் களைத்த குரலில் சொன்னான்: "நீ சொல்றது தப்புன்னு நான் சொல்லல, அகூலினா. ஆனா நான் இதக் காலி பண்ணி எங்க கொண்டுபோய் வைக்கிறது? என் சட்டப் பையிலயா?"

இது நடந்தது ஒரு வசந்த காலத்தில். அந்த ஆகஸ்டு கடைசியில், டேங்குகள் நாலும் அநேகமாக நிரம்பி நிற்கும் சமயம், மாவட்டத்திலிருந்து ரொதியோன் அர்காதியெவிச் வந்தார். எரிபொருள் விவகாரங்களுக்கு அவர்தான் பொறுப்பு. கிடங்குக்கு இன்னும் பத்து வருஷ உரிமம் தர வேண்டும், ஐந்தாவது டேங்க் ஒன்று கட்ட வேண்டும், அதற்கு உள்ளூர் அளவை நிலையத்தின் சான்று வேண்டும். சான்றைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார். நல்ல மனிதர்தான், குரல் உயர்த்தத் தெரியாதவர். நிலையத்துக்குள் நுழைந்ததும் காலணியைக் கழற்றி வைத்தார், உலையைப் பார்த்தார், நோட்டுகளின் வரிசையைப் பார்த்து, பாராட்டுகிற மாதிரி ஏதோ சொன்னார்.

காகிதத்தில் மூன்றே வரி. கிடங்கு வளாகத்தின் அடிமண் நிலையாக உள்ளது, காணப்பட்ட வெப்ப மாற்றம் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் உள்ளது, கூடுதல் கட்டுமானத்துக்குத் தடையில்லை.

அகூலினா நான்காம் எண் நோட்டை எடுத்து அவர் முன்னால் விரித்தாள். அவர் அதைப் பார்க்காமல், தலைமை நிலையத்தோடு தாம் பேசிவிட்டதாகச் சொன்னார். இந்த வருஷம் சிறிய நிலையங்களில் எதை வைத்துக்கொள்வது, எதை மூடுவது என்று அங்கே பட்டியல் போடுகிறார்களாம். பயன்படுகிற நிலையங்களை யாரும் மூடமாட்டார்கள் என்று தாம் நம்புவதாகச் சொன்னார்.

"ஒரே ஒரு கையெழுத்து, அகூலினா இவானொவ்னா. நீங்க இதப் பெரிசா நினைக்க வேண்டாம். உங்க அளவைகள நீங்க பாட்டுக்குத் தொடரலாம்."

"நான் அளந்ததுக்குத்தான் கையெழுத்துப் போடுவேன். நீங்க ஆசப்பட்டதுக்குப் போடமாட்டேன்."

"யோசிச்சுப் பாருங்க."

"பத்தொன்பது வருஷமா அதத்தான் செய்யறேன்."

அவர் காகிதத்தை மேஜைமேலேயே விட்டுவிட்டு, நாளைக் காலை வரை இருப்பேன் என்று சொல்லிக் காலணியை மாட்டிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் பண்பாட்டு மன்றத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். சூரியன் இன்னும் ஜன்னலில் இருந்தது. செய்தி ஏற்கெனவே ஊரைச் சுற்றி வந்துவிட்டது: அகூலினா கையெழுத்துப் போடாவிட்டால் கிடங்கை மூடுவார்கள், பதினாலு பேருக்கு வேலை போகும், டீசல் அடுத்த மாவட்டத்திலிருந்து வர வேண்டும், ஜனவரியில் லாரி நின்றுவிட்டால் கதை முடிந்தது. பதினாலு பேரில் ஒருவன் செம்யோன். அவன் பின்வரிசையில் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மத்தியானம் முதலே அவன் அவளோடு பேசவில்லை. ஒரே ஒரு தடவை, போட்டுத்தான் தொலையேன் என்று சொன்னதோடு சரி.

கொதிகலன் கூடத்தில் வேலை செய்யும் கிறிஸ்தீனா எழுந்து நின்றாள். அவள் கணவனும் கிடங்கில்தான் இருந்தான்.

"கிடங்க மூடிட்டா டிசம்பர்ல கொதிகலனுக்கு நான் என்னத்தப் போட? உன் நோட்டப் போட்டு எரிக்கவா?"

மன்றம் சிரித்தது. அகூலினா சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தாள்.

"எரி, கிறிஸ்தீனா. அலமாரி திறந்துதான் இருக்கு. முப்பத்தெட்டு நோட்டு, ஒரு வேளைக்கு வரும். ஆனா ஒரு டேங்க் கவுந்து எழுநூறு டன் டீசல் ஏரிக்குள்ள போச்சுன்னா, வாசல்ல எந்தக் கட்டிய அடுக்கி எத உருக்கிக் குடிப்பே? அதையும் இங்கேயே சொல்லிடு. கிடங்க மூடுன்னு நான் எந்தக் கடுதாசிலயும் எழுதல. மேட்டுக்கு மாத்துன்னுதான் எழுதினேன். ஏழு கடுதாசி. கவ்ரீலக் கேளு."

எல்லோரும் கவ்ரீலைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் ஆமாம் என்று தலையை அசைத்தான். ரொதியோன் அர்காதியெவிச் எழுந்து, பொறியாளர்கள் வரைபடம் பார்த்துச் சொன்ன விஷயத்தில் நாம் உணர்ச்சிவசப்பட வேண்டாம் என்றார். அது எந்த வருஷத்து வரைபடம் என்று அகூலினா கேட்டாள். அவர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு எண்பத்தேழு என்றார். எண்பத்தேழில் ஏரி எங்கே இருந்தது என்று அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும்; இப்போது தண்ணீர் நிற்கிற இடத்தில் அவர்கள் பந்து விளையாடியிருக்கிறார்கள்.

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்குக் கிடங்குக்கு வாங்க. நான் சொல்றத நம்ப வேண்டாம். உங்க கையாலயே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அவள் வெளியேறினாள்.

எட்டு மணிக்கு அறுபது பேர் வந்திருந்தார்கள். ரொதியோன் அர்காதியெவிச்சின் ஜீப்பும் கிளம்பத் தயாராக அங்கேயே நின்றது. அகூலினா தோளில் ஒரு நீள இரும்புக் கம்பியைச் சுமந்து வந்தாள். விரல் தடிமன், இரண்டரை மீட்டர் நீளம், மேலே குறுக்குக் கைப்பிடி. பத்து சென்டிமீட்டருக்கு ஒரு வளையம் கீறியிருந்தது. மண் எவ்வளவு ஆழம் வரை இளகியிருக்கிறது என்று பார்க்க அவள் வைத்திருந்த கம்பி அது. உறைமண்ணைத் தொட்டால் கல்லில் முட்டியது போல் நின்றுவிடும்.

முதலில் வேலிக்கு வெளியே, காட்டோரத்தில் யாரும் கை வைக்காத பாசித் தரையில் குத்திக் காட்டினாள். ஒரு மீட்டர் பத்தில் டக்கென்று நின்றது. நாலைந்து பேர் வந்து அழுத்திப் பார்த்தார்கள், நகரவில்லை. பிறகு கம்பியைக் கவ்ரீலிடம் நீட்டினாள்.

"முதல் டேங்க்லேருந்து ஆரம்பி. நீதான் குத்தணும்."

"நான் எதுக்கு? நீயே குத்து."

"நான் குத்துனா ஏப்பக் கணக்கு ஏதோ வித்தை காட்டுதும்பாங்க. உன் கிடங்கு, உன் கை."

கவ்ரீல் கோட்டைக் கழற்றி வேலியில் போட்டான். முதல் டேங்கின் தூணருகே கம்பி ஒன்றரை மீட்டரில் நின்றது. இரண்டாவதில் ஒன்று எழுபது. இது ஒன்றும் புதிதல்ல என்று ரொதியோன் அர்காதியெவிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கவ்ரீல் மூன்றாவதற்குப் போயிருந்தான். ஏரிப்பக்கத்துத் தூணுக்கு ஒரு சாண் தள்ளிக் கம்பியை ஊன்றினான். அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. ஒரு மீட்டர், ஒன்றரை, இரண்டு. வளையங்கள் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் மறைந்தன. கைப்பிடி தரையைத் தொட்டது. கவ்ரீல் மண்டியிட்டிருந்தான். கம்பி இன்னும் எதையும் முட்டவில்லை.

அவன் அதை வெளியே இழுத்தான். அடியிலிருந்து நுனி வரை கறுப்புச் சேறு, ஈரமாக மின்னியது. அதற்கு மேலே எழுநூறு டன் நின்றுகொண்டிருந்தது.

ரொதியோன் அர்காதியெவிச், இது மேல்தண்ணீர் தேங்கிய ஒரு குட்டையாக இருக்கலாம், ஒரு புள்ளியை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்றார். கவ்ரீல் அந்த டேங்கின் ஏரிப்பக்கம் முழுக்க ஏழு இடத்தில் குத்தினான். ஐந்து இடத்தில் கம்பி கைப்பிடி வரை போனது. கடைசித் தடவை கம்பியை மண்ணிலேயே விட்டுவிட்டுத் திரும்பினான். கூட்டத்தில் செம்யோனைத் தேடினான்.

"செம்யோன், பம்ப் தயாரா இருக்கா?"

"இருக்கு."

"மூணாம் டேங்கக் காலி பண்ணு. நாலாவதுல கொஞ்சம் இடம் கிடக்கு, அத நிரப்பு. மிச்சத்த லாரில ஏத்தி நாலு ஊர் கொதிகலனுக்கும் இப்பவே அனுப்பிடலாம்."

மாவட்டத்தின் உத்தரவில்லாமல் ஒரு லிட்டர்கூட நகர்த்த அவனுக்கு அதிகாரமில்லை என்று ரொதியோன் அர்காதியெவிச் நினைவுபடுத்தினார். இப்போதும் அவர் குரல் உயரவில்லை. கவ்ரீல் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டான்.

"உத்தரவு வர்ற வரைக்கும் அது நிக்கும்னு எழுதிக் குடுங்க, ஐயா. நான் நிறுத்திடறேன்."

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அந்த மூன்று வரிக் காகிதம் அகூலினாவின் மேஜைமேலேயே கிடந்தது.

ஒன்பது நாள் பம்ப் ஓடியது. பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் லாரிகளோடு வந்தார்கள். கிறிஸ்தீனா கொதிகலன் கூடத்தின் சிறிய டேங்கை விளிம்பு வரை நிரப்பிக்கொண்டு, காலி டிரம்களையும் வரிசையாக வைத்தாள்; யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, ஆனால் பம்ப் ஓட்டுகிறவர்களுக்கு மத்தியானம் மீன் சூப்பு கொண்டுவந்து வைத்தாள். செம்யோன் டீசல் நாற்றத்தோடு வீட்டுக்கு வருவான், சாப்பிடுவான், போவான். மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டே, எத்தனை வருஷமாக அது இப்படி இருக்கிறது என்று கேட்டான்.

"உனக்கு ஒவ்வொரு வருஷமும் சொன்னேனே."

"சொன்னே. நம்பரா சொன்னே" என்றான். அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

பத்தாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. செப்டம்பர் நடுவில் அப்படி ஒரு மழையை அந்தப் பக்கம் பார்த்ததில்லை. ஐந்து நாள் நிற்காமல் பெய்தது. ஆறாம் நாள் காலையில், கிடங்குக் காவலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாம் டேங்க் மெதுவாக, யாரோ தோளில் கை வைத்துத் தள்ளியது போல், ஏரிப்பக்கம் சாய்ந்தது. தூண்கள் இரண்டு சேற்றில் புதைந்தன. அடிப்பக்கத்து இணைப்பு பிளந்தது. உள்ளே மிஞ்சியிருந்த அடிக்கசடு ஒழுகியது. ஆண்களும் பெண்களும் மண்வெட்டியோடு ஓடிவந்து கீழே வரப்புக் கட்டி, மரத்தூளைக் கொட்டி அதை உறிஞ்சவைத்து அள்ளினார்கள். அறுபது, எழுபது வாளி இருக்கும். ஏரியின் ஓரத்தில் ஒரு பாய் அகலத்துக்கு எண்ணெய்ப் படலம் மினுங்கியது. அதையும் கந்தல் துணியால் ஒற்றி எடுத்தார்கள்.

அகூலினா அங்கே இடுப்பளவு தண்ணீரில் நின்று புட்டிகளில் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தாள். யாரோ கரையிலிருந்து, கொஞ்சம் சந்தோஷப்படேன், நீ சொன்னதுதானே நடந்தது என்றார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு அப்போது வந்தது சந்தோஷமல்ல. பத்தொன்பது வருஷமாக அடக்கி வைத்திருந்த கோபம்.

விசாரணைக் குழு வந்தது. கடைசியில் அது சொன்னது இது: சேதம் குறிப்பிடத்தக்கதல்ல. பெரிய கசிவு எதுவும் ஏற்படாததால் அடிமண் குறித்த அச்சம் மிகைப்படுத்தப்பட்டது. டேங்க் சாய்ந்ததற்குக் காரணம் உரிய உத்தரவின்றி அதைக் காலி செய்ததால் எடைச் சமநிலை குலைந்ததே. பொறுப்பு மேலாளருடையது. கவ்ரீலை வேலையிலிருந்து எடுத்தார்கள். அவன் அகூலினா வீட்டுக்கு வந்து அறிக்கையை இரண்டு தடவை படித்துக் காட்டி, எழுநூறு டன்னும் உள்ளே இருந்திருந்தால் அந்தப் பாரத்திலேயே டேங்க் நிமிர்ந்து நின்றிருக்கும் என்கிறார்கள், பாவம் நான்தான் அதன் கால்களைக் கெடுத்துவிட்டேன் என்று சிரித்தான். பிறகு அண்ணனோடு சேர்ந்து குதிரை வளர்க்கப் போனான்.

அகூலினா விசாரணை அறிக்கைக்குப் பதினெட்டுப் பக்கத்தில் மறுப்பு எழுதினாள். இந்த முறை நம்பரோடு நிறுத்தவில்லை. கவ்ரீல் எங்கெங்கே குத்தினான், எத்தனை வளையம் மறைந்தது, யார் யார் பார்த்தார்கள் என்றெல்லாம் எழுதி, பார்த்த அறுபது பேரிடமும் கையெழுத்து வாங்கினாள். முதல் கையெழுத்து கிறிஸ்தீனாவுடையது. தாள் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்டாள். மறுப்பை மாவட்டத்துக்கும், தலைமை நிலையத்துக்கும், செய்தித்தாளுக்கும், அவளுடைய வாயுப் புட்டிகளின் எண்களைப் பல வருஷமாகக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்த வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களுக்கும் அனுப்பினாள். செய்தித்தாள் அதைச் சுருக்கி, பின்பக்கத்தில் போட்டது.

டிசம்பரில் தலைமை நிலையத்தின் கடிதம் வந்தது. ஆரிக்யோல் அளவை நிலையம் மூடப்படுகிறது. பொறுப்பாளர் அரசு உடைமைகள் அனைத்தையும் பட்டியலிட்டு ஒப்படைக்க வேண்டும்.

அவள் ஒழுங்காகப் பட்டியலிட்டாள். தராசு ஒன்று, உலை ஒன்று, வெப்பமானிக் கயிறுகள் பதினொன்று, மிதவைப் பெட்டிகள் நாலு. எல்லாவற்றையும் வைக்கோல் வைத்துக் கட்டினாள். கடைசி வரியில் எழுதினாள்: 'ஆழ்துளைகள், பதினொன்று. பெயர்த்து அனுப்ப இயலவில்லை. தேவைப்பட்டால் வந்து எடுத்துக்கொள்ளவும்.' கீழே தெளிவாகக் கையெழுத்துப் போட்டாள்.

நோட்டுகள் பட்டியலில் இல்லை. அவை அவள் வீட்டுக்குப் போய்விட்டன.

மறுநாள் காலை மைனஸ் ஐம்பத்தொன்று. செம்யோன் கொட்டகையிலிருந்து ஒரு மின்கம்பிச் சுருளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். நகரத்தில் இருக்கும் மகளுக்கு எழுதி மின்னணு வெப்பமானிகள் ஒரு பொட்டலம் வரவழைத்திருந்தான். என்ன ஏது என்று அவளிடம் சொல்லவே இல்லை. இருவருமாக உட்கார்ந்து வெப்பமானிகளை ஒவ்வொன்றாகக் கம்பியில் பற்றவைத்தார்கள். மீன் சூப்பு கொதிக்கிற நேரத்தில் முடிகிற வேலையல்ல அது. நாலு நாள் ஆனது. ஐந்தாம் நாள் நான்காம் எண் துளையில் புதுக்கயிறு இறங்கியது. ஒரு வாரம்கூட விடுபடாமல் அவள் நோட்டு தொடர்ந்தது. வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் எண்களைத் தொடர்ந்து கேட்டார்கள். அவர்களுடைய கட்டுரைகளில் நிலையத்தின் பெயர் இருந்த இடத்தில் இப்போது அவள் பெயர் இருந்தது. ஊர்ப் பள்ளியில் ஓர் அரைநாள் ஆசிரியர் வேலை காலியாக, அதை வாங்கிக்கொண்டு வேதியியல் நடத்தினாள்.

இரண்டு வருஷம் கழித்துக் கிடங்கை மேட்டுக்கு மாற்றினார்கள். ஏரியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி மணற்பாங்கான மேடு. அவளுடைய மூன்றாவது கடிதத்தில் குறித்துக் கொடுத்த அதே இடம். திட்டமிட்ட நவீனப்படுத்துதல் என்று பெயர் வைத்தார்கள். திறப்புவிழாவில் ரொதியோன் அர்காதியெவிச் நாடா வெட்டினார். ஊர்க்காரர்களுக்குக் குதிரைப்பாலும் பொரித்த மீனும் கொடுத்தார்கள். அகூலினாவின் பெயரை யாரும் சொல்லவில்லை. அவளைக் கூப்பிடவும் இல்லை. கிறிஸ்தீனா அவள் வீட்டு வாசலில் வந்து நின்று, அவர்களிடம் போய் நாலு வார்த்தை கேட்கலாம் வா, நானும் வருகிறேன் என்று கொதித்தாள். அகூலினா, எனக்கு அங்கே நாளைக்குத்தான் வேலை என்று சொல்லி அவளை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் அவளும் செம்யோனும் சொந்தமாகச் செய்த கைத்துளைக் கருவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு மேட்டுக்குப் போனார்கள். புது வேலிக்கு வெளியே முப்பது மீட்டர் எண்ணி நடந்து, பாசியை விலக்கி, கருவியை நிறுத்தினார்கள். புதிதாக வந்த காவலாளி ஓடிவந்தான். வெளியூர்க்காரன், அவளைத் தெரியாது.

"இங்க என்னம்மா பண்றீங்க? யாரு உங்களுக்கு அனுமதி குடுத்தது?"

அகூலினா கைப்பிடியை விடவில்லை.

"உன் வேலிக்கு உள்ளயா நிக்கிறேன்?"

"இல்ல."

"அப்ப நீ உள்ள இருக்கறதப் பாத்துக்கோ. வெளிய நான் பாத்துக்கறேன்."

அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு, இது எவ்வளவு ஆழம் போகும் என்று கேட்டான். செம்யோன் மறுபக்கத்துக் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளியபடியே, பத்து மீட்டர் என்றான். இருவரும் சுற்றி வந்தார்கள். முதல் முழத்தில் மணல் வந்தது. அடுத்து ஈரம். பிறகு இரும்பு எதிலோ உராய்ந்து கிறீச்சிட்டது; துளையின் வாயில் வெள்ளையாகப் பனித்தூள் குவிய ஆரம்பித்தது. அகூலினா குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தாள். நோட்டைத் திறந்து, தேதி போட்டு, 'எண் பன்னிரண்டு' என்று எழுதினாள்.